ஏறுநெற்றி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. குரல் உடைந்துவிட்டது. நாலாவது மாதமே மாதவிலக்கு நின்றுவிட்டது. மீசை அரும்பியிருக்கிறது, தாடி மட்டும் தாடைக்கு அடியில் அங்கொன்று இங்கொன்றுதான். இதிலெல்லாம் சந்தோஷம். ஆனால் ஆறு மாதமாக முடி கொட்டுகிறது. நெற்றியின் இரண்டு மூலையும் மேலே ஏறிவிட்டன. குளித்து முடித்தால் பாத்ரூம் ஜாலி அடைத்துக்கொள்கிறது.

அம்மா ஊரில் இருக்கிறார். முன்பெல்லாம் என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு அவர்தான் அலசிவிடுவார். போன வாரம் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அத்தனை முடியையும் வெட்டிப் போட்டே. இப்ப இருக்கறதும் போகுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

பயத்தில் இரண்டு தடவை ஊசியை நானே பாதி அளவாகக் குறைத்துப் போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் நிறுத்திவிட்டு, முடி வந்த பிறகு தொடரலாமா? நண்பன் ஒருவன் ஃபினாஸ்டிரைடு மாத்திரை போடு என்கிறான். மினாக்ஸிடில் பாட்டில் வாங்கியிருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. அறையில் நானும் ஒரு பூனையும்தான். என் தலையணையில்தான் அது தூங்கும். இதையெல்லாம் அதனிடம்தான் சொல்கிறேன். ஆணாக வேண்டும் என்று போராடி வாங்கியவன் வழுக்கைக்கு அழுவது அபத்தமாகத் தெரிகிறது. இருந்தாலும் அழுகை வருகிறது.

(பெயர் வேண்டாம் அண்ணா)

அன்புள்ள தம்பி,

முதலில் அவசரமான ஒன்று. அடுத்த ஊசியை டாக்டர் எழுதிக்கொடுத்த அளவிலேயே போடு. பாதி போட்ட கதையையும் அவரிடம் சொல்லிவிடு. உடைத்த ஆம்ப்யூலில் மீதிப் பாதியை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை. சிரிஞ்சில் இழுத்து மூடிவைத்து அடுத்த வாரம் போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பழக்கத்தை இன்றோடு விடு. அதில் கிருமி புகுந்தால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வரும். பிறகு முடியைப் பற்றி நினைக்கவே நேரம் இருக்காது.

நிறுத்தினால் முடி திரும்பி வருமா என்று கேட்டிருந்தாய். அதற்கு 1942-லேயே பதில் கிடைத்துவிட்டது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர், பருவம் வருவதற்கு முன்பே விரை அகற்றப்பட்ட ஆண்களைக் கவனித்தார். குடும்பத்தில் வழுக்கை இருந்தும் அவர்களுக்கு விழவில்லை. (இப்படிப்பட்டவர்களுக்கு வழுக்கை விழாது என்பதை ஹிப்போகிராட்டஸ் காலத்து மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.) ஹாமில்டன் இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார். வழுக்கைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. அதே மருந்தைப் பெற்ற மற்றவர்களுக்குக் கொட்டவில்லை. மருந்தை நிறுத்தியதும் வழுக்கை மேற்கொண்டு பரவாமல் நின்றது. ஆனால் போன முடி போனதுதான்.

இதை முதன்முதலாகப் படித்தபோது யாரோ நம் ஆட்களைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. வளர்ந்த பிறகு வெளியிலிருந்து ஹார்மோன் வாங்கிக்கொள்ளும் உடம்பு நம்முடையதும்தானே.

ஆகவே ஆறு மாதம் நிறுத்தினால் உனக்கு என்ன நடக்கும்? மாதவிலக்கு திரும்பும். ஏறிய தசை இறங்கும். உடைந்த குரல் அப்படியே இருக்கும், ஏறிய நெற்றியும் அப்படியே இருக்கும். 2015-ல் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். என் தலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஊசிய நிறுத்துங்க, முடியும் வரும், வாழ்க்கையும் வரும்" என்றார். ஃபீஸ் 400 ரூபாய். ஹாமில்டன் அதைவிட மலிவு.

பாதி ஊசியும் இதே கதைதான். வழுக்கை விழுந்தவர்களின் ரத்தத்தில் ஹார்மோன் கூடுதலாக ஓடுகிறது என்று சலூனில் பேசிக்கொள்வார்கள். அது உண்மையில்லை. எல்லாம் வேரின் குணம். டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. பிறவியிலேயே டிஹெச்டிக்கு இளகிய வேர்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருந்தால், முடி விழுந்து முளைக்கும் சுற்றுக்குச் சுற்று அவை சுருங்கும். உன் தொழில் பாஷையில் சொல்கிறேன் (நம்பர் ஏற ஏற நூல் மெலியும்): முப்பதாம் நம்பர் நூலாக வந்த முடி நாற்பதாகி, அறுபதாகி, கடைசியில் கண்ணுக்கே படாத பஞ்சாகிறது. பின்மண்டை முடிக்கு மட்டும் இந்த இளக்கம் கிடையாது. முடி நடுகிறவர்கள் அங்கிருந்து பிடுங்கி முன்னால் நடுவது அதனால்தான். (26 வயதில் அந்தப் பக்கம் போகாதே. பின்னால் இருக்கும் சரக்கு அளவானது. முன்னால் எவ்வளவு போகும் என்று தெரியாமல் எடுத்துச் செலவழிக்கக் கூடாது.)

உனக்கு எவ்வளவு போகும்? "அம்மாவோட அப்பா தலையைப் பார்" என்று ஊரில் சொல்வார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மற்ற ஆண்களுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் அம்மாவிடமிருந்து வருவது. நமக்கு அப்படியில்லை. நம்மில் அநேகமாக எல்லாருக்கும் எக்ஸ் இரண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அப்பாவிடம் இருந்ததே ஒன்றுதான், அதை அப்படியே உனக்குத் தந்திருக்கிறார். ஆகவே உன் அப்புச்சி தலையோடு அப்பாவின் தலையையும் பார். அதோடும் முடிவதில்லை. வழுக்கைக்கான மரபணுக்கள் மற்ற குரோமோசோம்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு பக்கத்துக் கல்யாண ஆல்பத்தையும் எடுத்து, தாத்தா, மாமா, சித்தப்பா என்று எல்லார் தலையையும் பார்ப்பதே உத்தமம்.

இன்னொன்று. நீ சொல்வது வழுக்கையே இல்லாமலும் இருக்கலாம். பருவம் தாண்டிய பையன்களின் நெற்றியைக் கவனித்திருக்கிறாயா? பத்து வயதில் நேர்க்கோடாக இருந்த முடிவரிசை, இருபதுக்குள் இரண்டு மூலையிலும் கொஞ்சம் பின்வாங்கிவிடும். அதற்குப் பெயர் சொட்டை இல்லை, பெரிய மனுஷ நெற்றி. ஊசி போட்டு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் நமக்கும் அது நடக்க ஆரம்பிக்கும். பையன்களுக்கு நாலைந்து வருஷத்தில் மெதுவாக நடப்பதை நாம் தினமும் கண்ணாடி முன் நின்று பார்ப்பதால் பதறிப்போகிறோம். அங்கே நின்றுவிடுகிறதா, மேலே போகிறதா என்பதுதான் விஷயம். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தலை காய்ந்திருக்கும்போது படம் எடுத்து வை. தினமும் பார்க்காதே.

ஜாலியில் சேரும் முடியை வைத்து எதையும் முடிவு கட்டாதே. எல்லார் தலையிலும் நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். டெங்குவோ டைபாய்டோ வந்திருந்தாலும், டாப் சர்ஜரி (மார்பு அறுவை) முடிந்திருந்தாலும், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். அது தானாகத் திரும்பி வரும். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் அடுத்த ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கச் சொல். பயோட்டின் மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிட்டு, பரிசோதனைக்குச் சில நாள் முன்பு நிறுத்து. ஹார்மோன் அளவையும் தைராய்டு அளவையும் அது பொய்யாகக் காட்டக்கூடியது.

இனி உன் நண்பனின் மாத்திரை. அதன் பிறப்பு டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பெண் என்று பெயர் வைத்து, பாவாடை கட்டி வளர்க்கப்பட்டார்கள். பன்னிரண்டு வயது வாக்கில் குரல் உடைந்து, தோள் அகன்று, ஆண்களானார்கள். ஜூலியன் இம்பெரேட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1974-ல் காரணத்தை எழுதினார்கள்: டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டியாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழுக்கை விழவில்லை, புராஸ்டேட் சுரப்பி வீங்கவில்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்று யோசித்துச் செய்ததுதான் ஃபினாஸ்டிரைடு. அமெரிக்காவில் 1992-ல் புராஸ்டேட்டுக்கும், 1997-ல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் அனுமதி கிடைத்தது. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணானவர்களிடமிருந்து உலகத்து வழுக்கையர்களுக்கு மருந்து கிடைத்திருக்கிறது. இதை நினைத்து நான் பலமுறை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பாதி உண்டு. அந்தக் கிராமத்து ஆண்களுக்குக் குரலும் தசையும் குறைவில்லாமல் வந்தன, தாடிதான் சரியாக வரவில்லை. தாடிக்கும் உடம்பு முடிக்கும் கீழே நடக்கும் வளர்ச்சிக்கும் டிஹெச்டி வேண்டும். தலையில் முடியைப் பறிக்கும் அதே கைதான் தாடையில் முடியை நடுகிறது. பதினாலாவது மாதத்தில், தாடி அங்கொன்று இங்கொன்றாக நிற்கும்போது அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டுமா? தாடி முழுதாக வர நாலைந்து வருஷம் ஆகும். நானாக இருந்தால் பொறுத்திருப்பேன். சிலருக்குத் தாடியைவிடத் தலைமுடிதான் முக்கியம். அதுவும் நியாயமான கணக்குதான். அப்படியென்றால் டாக்டரிடம் கேட்டு ஆரம்பி, ஆன்லைனில் வரவழைக்காதே. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனம் சோர்ந்துபோகும். வெட்கப்படாமல் இதையும் கேட்டுக்கொள்: கர்ப்பப்பை இருந்து, கரு உண்டாகக்கூடிய உறவும் இருந்தால் இந்த மாத்திரை ஆபத்து, வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். மாதவிலக்கு நின்றுவிட்டதால் கரு தங்காது என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஊசி கருத்தடை ஆகாது.

மினாக்ஸிடில் வேறு வழியில் வேலை செய்கிறது, ஹார்மோன் பக்கமே போகாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை நோயாளிகளின் உடம்பெல்லாம் முடி முளைக்க வைத்ததால், தலையில் தடவும் மருந்தாக மாறியது. உன் நிலைமையில் தொடங்குவதென்றால் இதிலிருந்து தொடங்கலாம். முதல் சில வாரம் இன்னும் கூடுதலாகக் கொட்டலாம். பாதிப்பேர் அங்கே பயந்து பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நாலு முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் வந்தது போய்விடும்.

அழுவது அபத்தம் என்கிறாய். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் முடி வளர்ச்சி நோட்டீஸ்களைப் பார். டிவியில் நள்ளிரவு ஓடும் எண்ணெய் விளம்பரங்களைப் பார். அவ்வளவும் ஆம்பிளைகளின் கண்ணீரில் ஓடும் வியாபாரம். வழுக்கைக்கு அழுவதைவிட ஆம்பிளைத்தனமான காரியம் இந்த ஊரில் கிடையாது.

எனக்கு ஊசி ஆரம்பித்த நாலாவது வருஷம் உச்சியில் விழுந்தது. நான் பார்க்கவில்லை, தெருமுனைச் சலூன்காரர்தான் பார்த்தார். வெட்டி முடித்துவிட்டு, பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து, "உச்சியில காத்தோட்டம் வந்திருச்சுண்ணே. அப்பாவுக்கு உண்டா?" என்றார். உண்டு. சின்ன வயதில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம் என் கண்ணுக்கு நேரே அந்த வட்டம்தான் இருக்கும். வியர்த்து, வெயிலில் மின்னும். அப்போது அப்பா என்னோடு பேசாமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொன்னேன். அதே இடம், அதே வட்டம், சுழி இடதுபக்கம் திரும்புவதுகூட அதே மாதிரி. காசு கொடுத்துவிட்டு வெளியே வந்து, தொப்பி வாங்கலாமா என்று ஒரு கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அதில் முடிக்கு எவ்வளவு, அப்பாவுக்கு எவ்வளவு என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

உன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நீ கேட்கவில்லை, நானும் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமைக் காலைகள் அவருக்குப் போய்விட்டன. அந்தக் கோபத்தோடு நீ வாதாட முடியாது. வேண்டுமானால் கூப்பிட்டு, "அப்புச்சிக்கு எந்த வயசுலம்மா முடி கொட்டுச்சு?" என்று மட்டும் கேட்டுப் பார். உனக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகவல் அது, அவரைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

பூனை விஷயம். விளையாட்டில்லை. மினாக்ஸிடில் பூனைக்கு விஷம். உன் தலையிலிருந்தோ தலையணை உறையிலிருந்தோ கொஞ்சம் நக்கினாலே உயிருக்கு ஆபத்து. பாட்டிலைத் திறப்பதற்கு முன் அதற்கு வேறு இடம் பழக்கு. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, தலை நன்றாகக் காய்ந்த பிறகு படு, ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொள். வெளியே உட்கார்ந்து கத்தி ஊரைக் கூட்டும் என்றால், பாட்டிலைத் திறக்காமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.