புற்றுநோய் செல்லைச் சாக வைக்கும் புரதம்: வாங்கி ஊசி போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள். கூடவே சிஸ்பிளாட்டின் கீமோவும் போகிறது. இணையத்தில் ‘மனித ஸ்மாக்/டையாப்லோ மறுசேர்க்கைப் புரதம், 50 மைக்ரோகிராம்’ என்று ஒரு குப்பி விற்கிறார்கள். செல்லைத் தானாகச் சாக வைக்கும் புரதமாம். வாங்கி வந்தால் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் ஊசி போட்டுவிடுவதாகச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். நரம்பில், தசையில், கட்டி இருந்த இடத்தில் என்று எங்கேயும் வேண்டாம்.

விற்பவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சிக்கல். ஸ்மாக் நிஜமாகவே செல்லின் சாவில் பங்குள்ள புரதம். 2000-ல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. இரட்டைப் பெயர் அதனால்தான். உங்கள் அப்பாவின் செல்களிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில். செல் பழுதானால் அங்கிருந்து வெளியே கசியும். செல்லைத் துண்டாடும் கேஸ்பேஸ் நொதிகளை எக்ஸ்ஐஏபி என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். ஸ்மாக் போய் அந்தப் பிடியை விடுவிக்கும்.

அந்த வேலையைச் செய்வது ஸ்மாக்கின் முனையில் உள்ள நாலே நாலு அமினோ அமிலங்கள்: அலனின், வேலின், புரோலின், ஐசோலூசின். முதலில் 239 அமினோ அமில நீளத்தில் உருவாகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும்போது முன்பக்கத்தில் 55 வெட்டுப்பட்ட பிறகுதான் இந்த நாலும் வெளியே தெரியும். அலனினுக்கு முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எக்ஸ்ஐஏபியின் பள்ளத்தில் அது சரியாக உட்காராது. எனவே ஆய்வகத்தில் மறுசேர்க்கை முறையில், அதாவது ஈ.கோலி பாக்டீரியாவை வைத்து இந்தப் புரதத்தைத் தயாரிக்கும்போது, சுத்திகரிக்க உதவும் ஒட்டுத் துண்டை வால் பக்கமாகச் சேர்ப்பார்கள். அழகான வேலைதான், ஆனால் சோதனைக் குழாய்க்கான வேலை.

ரத்தத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? இவ்வளவு பெரிய புரதம் தானாகச் செல்லுக்குள் நுழையாது. வேலை இருப்பதோ செல்லுக்குள்ளே. நன்மை இல்லை, சரி. கெடுதல் உண்டு. ஈ.கோலியிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு மிச்சமிருந்தால் குளிர்காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் சரியும். ஊசி மருந்துக்குரிய கிருமி நீக்கமும் இந்தக் குப்பிக்கு இருக்காது. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்கு இது விளையாட்டல்ல. இப்படிப்பட்ட குப்பிகளில் ‘ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையும் படித்துவிடுங்கள்.

இதை மருந்தாக்க யாரும் முயலவில்லையா என்றால், நன்றாகவே முயன்றார்கள். அந்த நாலு அமினோ அமிலங்களைப் போலவே நடிக்கும் சின்ன மூலக்கூறுகளைச் செய்தார்கள். அதில் செவினபான்ட், உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது போன்ற தலை, கழுத்துப் புற்றுநோய்க்கே பரிசோதிக்கப்பட்டது. கரண்ட், சிஸ்பிளாட்டினோடு சேர்த்து வாய்வழியாகக் கொடுத்தார்கள். 96 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில், 18 மாதம் கழித்து நோய் அந்த இடத்தில் கட்டுக்குள் இருந்தவர்கள் 54 சதவீதம். மருந்து இல்லாத பிரிவில் 33. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் தேறாது என்று தெரிந்து 2024-ல் நிறுத்திவிட்டார்கள். மருந்தாகவே வடிவமைத்ததன் கதி இது.

செல் சாவு ஆராய்ச்சியில் மாத்திரையாக வந்து நிலைத்தது வெனடோக்ளாக்ஸ். அது சில ரத்தப் புற்றுநோய்களுக்கு, வாய்ப் புற்றுநோய்க்கு அல்ல. மருந்துக் கடையில் அதைக் கேட்டுப் போய்விடாதீர்கள்.

இப்போது உங்கள் கவனம் கரண்டில் இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் வாரம் 5 நாள் வீதம் 6 வாரம் போகும். நடுவில் நாள் தவறினால் பலன் குறையும். மூன்றாவது வாரத்தை ஒட்டி வாய்ப்புண் கடுமையாகும், அப்பா “போதும்பா, விட்டுடலாம்” என்பார். அப்போது நிறுத்தாமல் டாக்டரிடம் வலி மருந்து கேளுங்கள்; விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம். காதில் இரைச்சல், சிறுநீர் குறைவது இரண்டும் சிஸ்பிளாட்டினால் வரலாம், அன்றே சொல்லிவிடுங்கள். புகையிலை, பாக்கு எந்த வடிவிலும் கூடாது.

புது மருந்து வேண்டுமென்றால், முறையான மருந்துச் சோதனை ஏதாவது அப்பாவுக்குப் பொருந்துமா என்று சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தந்து, விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். சோதனை மருந்துக்கென்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.