பங்காளிகள் கூடும் வீட்டில் பச்சைப் பிள்ளைகள்

கேள்வி: காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்விக வீட்டில், மே மாத விடுமுறைக்குப் பங்காளிகள் அனைவரும் கூடவிருக்கிறோம். சிறு குழந்தைகளே ஏழெட்டுப் பேர். எப்படிச் சமாளிப்பது?

பதில்: கிணற்றையும் ஊருணியையும் முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிறைந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதால்தான், குழந்தை யார் கண்ணிலும் படாமல் வாசலைத் தாண்டிவிடுகிறது. ஆகவே முறைவைத்து, இந்த நேரத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லியே பொறுப்பை ஒப்படையுங்கள். நெடுநாள் பூட்டிக்கிடந்த வீடென்றால், கிணற்று மூடியையும் மாடிக் கைப்பிடிச் சுவரையும் ஒருவர் முன்னதாகச் சென்று பார்த்துவிட வேண்டும்.

வெயில் நேரத்தில் விளையாட வளவுத் தாழ்வாரமே, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமே போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெறுங்காலுக்குக் குளிர்ச்சியானது, தண்ணீர் சிந்தினால் மட்டும் உடனே துடைத்துவிடுங்கள். ஒரு நாள் காலையில் பெரிய பிள்ளைகளை அந்தத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடி ஊருக்கே அழைத்துச் சென்று, கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவதைக் காட்டலாம். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதை அவர்கள் நேரிலேயே பார்ப்பார்கள்.

பந்திக்குக் காத்திராமல் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டிவிடுங்கள். அப்பத்தா சுடும் வெள்ளைப்பணியாரம் அவர்களுக்குப் பிடிக்கும், காரச் சட்னி வேண்டாம்.

மருமகள்கள் விடுமுறை முழுவதும் அடுப்படியிலேயே நிற்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. உள்ளூரில் சமையலுக்கு ஆள் அமர்த்தி, செலவைப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று பங்காளிகள் பிரித்துக்கொள்ளுங்கள்.