ஒளு என்றால் என்ன? ஊட்டிக் குளிரிலும் கட்டாயமா?

முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, கணுக்கால் வரை கால்களைக் கழுவுவதுதான் ஒளு. குர்ஆன் 5:6 சொல்லும் முறை இது. இறைவன் முன் நிற்க உடலும் மனமும் தயாராக வேண்டும் என்பதே காரணம். கல்யாண வீட்டுக்குக் கிளம்புமுன் முகம் கழுவிக்கொள்கிறோமே, அது மாதிரி.

ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குக் குழாயைத் திறந்தால் விரல் மரத்துவிடும். சரி, வெந்நீர் கலக்கலாமா? தாராளமாக. ஒளு செய்தபின் தோல் காலுறை அணிந்திருந்தால், உள்ளூர்க்காரர் 1 நாள், பயணி 3 நாள் வரை கால்களைக் கழுவாமல் அதன்மேல் ஈரக்கையால் தடவினாலே போதும். மார்க்கம் இப்படி இறங்கிவருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஐந்து வேளைக்கும் ஐந்து ஒளு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கம், கழிப்பறை போன்றவற்றால் முறியாத வரை அதே ஒளுவில் அடுத்த வேளையும் தொழலாம்.