கல்லூரி, பல்கலைக்கழகங்களில் தரும் ‘சீட் மணி’ (seed money, விதைப் பணம்) என்பது என்ன? எப்படி விண்ணப்பிப்பது?

ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்திலிருந்து தன் ஆசிரியர்களுக்கே ஆய்வுக்கோ படைப்புப் பணிக்கோ தரும் சிறு தொகைதான் சீட் மணி. வெளியே பெரிய நிதி கேட்டுப் போனால், “முதற்கட்ட முடிவு ஏதாவது கையில் இருக்கிறதா?” என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதற்கு எங்கே போவார்? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இது. கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டிலும் இதைக் கேட்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். ஏற்காட்டில் காப்பி விதையை நாற்றங்காலில் நிழல் போட்டு வளர்த்து, அப்புறம்தான் தோட்டத்தில் நடுவார்கள். அதே கதைதான்.

விண்ணப்பத்தில் பட்ஜெட்தான் ஆளைக் கவிழ்க்கும். சேலம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பதிவு செய்யப் போகிறீர்களா? “பயணம், இதர செலவு” என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்த ஊர், எத்தனை இரவு, ஒலிப்பதிவுக் கருவிக்கு வாடகை, கலைஞர்களுக்குச் சன்மானம் என்று பிரித்து எழுதுங்கள். கூத்து விடிய விடிய நடக்கும். பேட்டரிச் செலவுகூட நியாயமானதுதான். தேர்வுக் குழுவில் வேறு துறைக்காரர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் புரிகிற தமிழிலோ ஆங்கிலத்திலோ சுருக்கத்தை எழுதுங்கள்.

இது சம்பளத்தோடு சேர்ந்து கைக்கு வரும் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ரசீது வைத்துக் கணக்கு முடிக்க வேண்டும், வாங்கும் கேமராவும் துறையின் இருப்புப் பதிவேட்டில்தான் ஏறும்.