நீங்கள் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஜெலட்டினஸ் கியூப் (கண்ணாடி போன்ற ஜெல்லிக் கனசதுர அரக்கன்) இரண்டே சுற்றில் செத்துவிட்டதா?

நீங்கள் அதைப் பெரிய மண்டபத்தில் விட்டதுதான் சிக்கல். 2014 விதிகளில் அதன் ஆர்மர் கிளாஸ் (அடி விழாமல் காக்கும் எண்) வெறும் 6, வேகம் சுற்றுக்கு 15 அடி. ஆட்டக்காரர்கள் தூரத்தில் நின்று அம்பு விட்டே முடித்துவிடுவார்கள். ஹிட் பாயிண்டை (உயிர் அளவை) கூட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

10 அடி அகல நடைபாதை என்றால் சுவரோடு சுவராக அடைத்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் கண்டுபிடிக்க பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) பகடையில் 15 வேண்டும். பின்னால் வேறொன்று துரத்தட்டும். கியூபுக்குள் கிடக்கும் வாளை, முன்னால் ஒரு வாள் காற்றில் மிதக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஓடி வருகிறவர் நேராக உள்ளே போய் மாட்டுவார். மூச்சு விட முடியாது, ஒவ்வொரு சுற்றிலும் 6டி6 (ஆறு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை) அமிலச் சேதம். வெளியே இழுக்க வருகிறவருக்கும் அமிலம் படும். இந்தப் பதற்றம்தான் கியூபின் அழகே.

அப்புறம், வாள்வீரர்கள் நிறைந்த குழு என்றால் பிளாக் புட்டிங் என்ற கூழ் அரக்கனையும் பாருங்கள், வெட்டினால் இரண்டாகப் பிரியும்.