வாசகர் கேள்விகள்: ஓர் எழுத்தாளரை நமக்கு ஏன் பிடித்துப்போகிறது?

கேள்வி: என் தாயாருக்கு வயது 78. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் எத்தனையோ முறை படித்துவிட்டார். ஆதித்த கரிகாலன் இறக்கப்போவதும், அருள்மொழிவர்மன் மகுடத்தை யாருக்கு விட்டுக்கொடுப்பான் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆடி மாதம் பிறந்தால் முதல் பாகத்தைக் கையில் எடுத்துவிடுகிறார். முடிவு தெரிந்த கதையில் அப்படி என்ன இருக்கிறது?
— வாசகி, சிதம்பரம்

பதில்: முடிவைத் தெரிந்துகொள்வதற்காகப் படிப்பவர் ஒரு முறையோடு புத்தகத்தை மூடிவிடுவார். உங்கள் தாயார் அந்தக் கதையைச் சொல்லும் குரலைக் கேட்பதற்காகத் திரும்பிப் போகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாவலின் தொடக்கத்திலேயே கல்கி, கால வெள்ளத்தில் கற்பனை ஓடமேறித் தம்முடன் சிறிது நேரம் பிரயாணம் செய்ய வருமாறு நேயர்களை அழைக்கிறார். அழைத்தவர் பிறகு நம்மைத் தனியே விடுவதில்லை. வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகும்போது நாமும் கூடவே போகிறோம், ஏரியின் நீர் பாயும் எழுபத்து நான்கு கணவாய்களையும் அவனோடு சேர்ந்து எண்ணுகிறோம். அந்த ஏரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இன்றும் வீராணம் என்ற பெயரில் இருக்கிறது என்பது உங்கள் தாயாரின் ஈடுபாட்டை இன்னும் கூட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த தொடர் அது. மூன்றரை ஆண்டுகள் ஒரு மனிதர் தவறாமல் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தால் அவர் அந்த வீட்டின் உறவினராகிவிடுகிறார். பின்னர் அதே இதழில் தொடர் மறுபடி மறுபடி வந்தபோது, அடுத்த தலைமுறைக்கும் அந்த உறவு கிடைத்தது. எங்கள் வீட்டில் இருந்தது இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்த தொகுதி. அத்தியாயங்களின் நடுவே நின்றுபோன விளம்பரங்களும் ஓவியங்களும் அப்படியே இருந்தன. அச்சுப் பிழையில்லாத புதுப் பதிப்பு வாங்கிய பிறகும் பெரியவர்கள் அந்தப் பழைய தொகுதியைத்தான் தேடினார்கள். ஓர் எழுத்தாளரின் மீதுள்ள பிரியத்தில் அவரை முதன்முதலில் எந்த வீட்டில், யார் வாய்விட்டுப் படிக்கக் கேட்டோம் என்பதும் கலந்திருக்கிறது. அடுத்த ஆடியில் உங்கள் தாயாரிடம் முதல் அத்தியாயத்தை உரக்கப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: நான் காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். கி. ராஜநாராயணனின் கதைகளில் பல சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் வட்டாரத்து எழுத்தாளர்களைவிட அவர் எனக்கு நெருக்கமானவராகத் தெரிகிறார். இது எப்படி?
— வாசகர், மன்னார்குடி

பதில்: கி.ரா. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்தில் 1923இல் பிறந்தவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் தம்மைப் பற்றிச் சொன்னவர். ஏட்டுத் தமிழில் தேறி அதன் பிறகு ஊர்ப் பேச்சுக்கு இறங்கி வந்தவராக அவரைக் கருத முடியாது. சம்சாரிகள், அதாவது விவசாயிகள், களத்துமேட்டில் பேசிய பேச்சே அவருக்கு இலக்கிய மொழியாக இருந்தது. அந்தப் பேச்சு அழிந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியும் தொகுத்தார். ஆகவே பொருள் தெரியாத சொல் வரும்போது அந்த அகராதியைப் பார்க்கலாம். ஆனால் நீங்கள் பார்க்காமலே ரசித்திருக்கிறீர்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவருடைய ‘கதவு’ என்ற சிறுகதையை நினைத்துப் பாருங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு ஆடி விளையாடுகிறார்கள். தீர்வை (நிலவரி) பாக்கியை வசூலிக்க வந்தவர்கள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் வாடைக் காற்று புகுகிறது. பிறகு ஒருநாள் அந்தக் கதவு கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதைக் கட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கதையைப் புரிந்துகொள்ளக் கரிசல் மண்ணில் பிறந்திருக்க வேண்டியதில்லை. தீர்வை வசூலைப் பற்றிய கோபத்தைப் பெரியவர்களின் சொற்களில் சொல்லியிருந்தால் கேட்டு மறந்திருப்போம். குழந்தைகளின் உயரத்தில் நின்று, அவர்கள் கைக்கு எட்டும் ஒரு மரப்பலகையை மட்டும் காட்டியதால் நம்மால் மறக்க முடியவில்லை. தான் எழுதும் மனிதர்களைவிட ஒரு படி மேலே அவர் ஏறி நின்றதே இல்லை. அப்படிப்பட்டவர் வாசகனையும் தாழ்வாக நடத்த மாட்டார் என்ற நம்பிக்கை நமக்குள் உண்டாகிறது. உங்களுக்கு அந்த நெருக்கம் இந்த நம்பிக்கையிலிருந்து வந்திருக்கலாம்.

கேள்வி: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை என் மகனிடம் கொடுத்தேன். “இதில் ஒன்றுமே நடக்கவில்லையே, அப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்கோ அவரை விட்டால் வேறு எழுத்தாளர் இல்லை. அவனுக்கு எப்படி விளக்குவது?
— வாசகர், சென்னை மாம்பலம்

பதில்: விளக்க வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்தச் சிறிய நாவலில், தெருவில் தண்ணீர் வரவில்லை, மக்கள் குடங்களோடு அலைகிறார்கள், ஜமுனா என்ற பெண்ணின் வாழ்க்கை திசை தெரியாமல் நிற்கிறது. இவ்வளவுதான் வெளியே தெரிவது. ஆசிரியர் எங்கும் தம் குரலை உயர்த்தி ‘இங்கே வருந்துங்கள்’ என்று நமக்குச் சொல்வதில்லை. டீச்சரம்மா தன் மணவாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில்கூட, வேறொருவர் பல பக்கங்களுக்கு நீட்டியிருக்கக்கூடிய துயரம் சாதாரணப் பேச்சாகவே வந்து போகிறது. மிச்சத்தை உணரும் பொறுப்பை அவர் நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். அந்தப் பொறுப்பை ஏற்கும் பக்குவம் சிலருக்கு இருபது வயதில் வருகிறது, சிலருக்கு ஐம்பதில் வருகிறது.

2019 கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, லாரிக்காக மக்கள் இரவெல்லாம் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தபோது, நான் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். முன்பு சாதாரணமாகக் கடந்துபோன வரிகள் நெஞ்சை அடைத்தன. புத்தகம் மாறவில்லை, நான் தான் குடத்தோடு நின்றுவிட்டு வந்திருந்தேன். உங்கள் மகனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். புத்தகம் அவன் கண்ணில் படும் அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: ஜெயகாந்தனின் கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவரைத் தொடர்ந்து படிக்கிறேன். கருத்தை ஏற்காமல் எழுத்தாளரை மட்டும் விரும்ப முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: முடியும், அவருடைய வாசகர்களே இதற்குச் சான்று. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் அறியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள்மேல் எந்தக் களங்கமும் இல்லை என்கிறாள். இந்த முடிவை ஏற்க முடியாமல் சினந்தவர்களும் உண்டு, கண்ணீரோடு வரவேற்றவர்களும் உண்டு. பிறகு ஜெயகாந்தன், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் அலறி ஊருக்குத் தெரியப்படுத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார்; அதற்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் அந்தப் பெண்ணான கங்கா அந்தச் சிறுகதையையே ஒரு பத்திரிகையில் படிக்கிறாள்.

எதிர்த்தவர்களை அலட்சியம் செய்யாமல், அவர்கள் விரும்பிய முடிவு எத்தனை கொடுமையானது என்பதை ஒரு முழு வாழ்க்கையாக எழுதிக் காட்டியது பெரிய மரியாதை என்று நான் கருதுகிறேன். எதிர்வாதம் செய்யும் அளவுக்கு நம்மை மதிக்கிற எழுத்தாளரை நாம் எளிதில் விடுவதில்லை. நீங்கள் உடன்படாத இடங்களைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்புகளோடும் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம்.

கேள்வி: பள்ளி நாட்களில் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. இப்போது மனம் தி. ஜானகிராமனிடம் போய்விட்டது. பழைய எழுத்தாளருக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: துரோகம் எதுவும் இல்லை. வேகமாகப் படிக்கவும், ஒரு வாக்கியத்தில் எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்று கவனிக்கவும் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சுஜாதா. அந்தப் பழக்கத்தோடுதான் ஜானகிராமனின் உரையாடல்களில் சொல்லாமல் விடப்பட்டவற்றை இப்போது கேட்கிறீர்கள். ஆனால் சுஜாதாவைத் துப்பறியும் கதைகளோடு நிறுத்திவிட்டீர்கள் என்று தெரிகிறது. அவர் தம் இளமைக்கால ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுதிய சிறுகதைகள் தனித்தொகுப்பாகக் கிடைக்கின்றன. காவிரிக்கரையை ஜானகிராமன் வழியாகப் பார்த்துவிட்ட கண்களோடு அவற்றை ஒருமுறை படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.