தோட்டத்து மண்புழு தொட்டியில் பிழைக்குமா?

கேள்வி: மொட்டை மாடியில் மண்புழு உரத்தொட்டி அமைக்க விரும்புகிறேன். வீட்டில் நான்கு பேர். அப்பாவின் மஞ்சள் தோட்டத்தில் மழைக்குப் பிறகு புழுக்கள் நிறையத் தென்படுகின்றன. அவற்றையே எடுத்து வளர்க்கலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: வேண்டாம். உழவின்போது கண்ணில் படும் புழுக்கள் பெரும்பாலும் மண்ணைத் தின்று மண்ணுக்குள்ளேயே வளை அமைத்து வாழ்பவை; காய்கறித் தோலை மட்டும் நம்பி அவை ஒரு தொட்டிக்குள் பிழைப்பது அரிது. அவை தோட்டத்திலேயே இருப்பதுதான் உங்கள் அப்பாவுக்கும் லாபம். உரத்தொட்டிக்கு வேண்டியவை, மட்கும் இலைதழைகளுக்கிடையே மேல்மட்டத்தில் வாழும் இனங்கள். அவற்றுள் ஐசினியா ஃபெட்டிடா குளிர்ச்சியை விரும்பும் என்பதால், ஈரோட்டுப் பக்கத்து வெயிலுக்கு யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழுவையே பரிந்துரைப்பேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்து அரைக் கிலோ வாங்குங்கள். தொடக்கத்திற்கு அது போதும்.

பெயிண்ட் வாளியில் வளர்க்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். ஆழம் மிகுந்து பரப்பு குறைந்த பாத்திரம் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நீளவாக்கில் அறுத்த பிளாஸ்டிக் டிரம்மே நல்லது. அடியில் துளைகள் இட்டு, இரண்டு அங்குல உயரத்திற்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் கிழித்து நனைத்த செய்தித்தாளும் காய்ந்த இலைகளும், அவற்றின்மேல் 15 முதல் 20 நாள் ஆறிய சாணமும் இட்ட பிறகு புழுக்களை விட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். மொட்டை மாடியில் நேர் வெயில் படும் இடமும் தகரக் கூரையின் அடியும் ஆகா. படிக்கட்டின் கீழ் நிழல் இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம்.

அரைக் கிலோ புழு, நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் கிலோ கழிவைத்தான் தின்னும். முதல் இரண்டு வாரங்களுக்கு அதிலும் பாதியே இடுங்கள். இட்டது மறைந்த பிறகே அடுத்ததை இட வேண்டும். இல்லையேல் அது புளித்து நாறும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த சமைத்த உணவு, மோர், எலுமிச்சைத் தோல், மிளகாய், கறி எலும்பு ஆகியவற்றைத் தவிருங்கள்.

கேள்வி: பக்கத்துத் தொழிற்சாலையில் வாங்கிய தென்னை நார்க்கழிவையும் அன்றன்று கிடைத்த சாணத்தையும் கலந்து தொட்டி அமைத்தேன். மூன்றாம் நாளே புழுக்கள் சுவரேறி வெளியே விழுந்தன. பத்து நாளில் எல்லாம் மடிந்தன. புழுதான் சரியில்லையா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: புழுவின் மீது பழியில்லை. அவை சுவரேறியது தப்பிப் பிழைப்பதற்காகத்தான். பச்சைச் சாணம் குவித்து வைத்தால் கொதிக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது. புழு விடுவதற்கு முன் கலவைக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். அடுத்த குற்றவாளி நார்க்கழிவு. பச்சையாக வரும் நார்க்கழிவில் உப்பும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் மிகுதி. பழுப்பு நிறம் குறையும்வரை மூன்று நான்கு முறை நீரில் அலசிப் பிழிந்து, மொத்தப் படுக்கையில் சிறு பங்காக மட்டும் சேருங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் சப்பைத் தண்ணீர் என்று சொல்லும் உப்பான ஆழ்குழாய் நீரைத் தெளித்திருந்தால் அதுவும் சேர்ந்து வேலை செய்திருக்கும். மழைநீரோ, ஓர் இரவு திறந்து வைத்த குழாய் நீரோ போதுமானது. கைப்பிடியளவு கலவையைப் பிழிந்தால் ஓரிரு துளிகள் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது.

கேள்வி: தொட்டியில் எறும்பு மொய்க்கிறது. மேலும், உரத்தை எப்போது எடுக்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: எறும்பு வருவது பெரும்பாலும் தொட்டி காய்ந்திருப்பதன் அடையாளம். ஈரத்தைச் சரிசெய்து, தொட்டியை நான்கு செங்கற்களின்மேல் ஏற்றி, ஒவ்வொரு செங்கல்லும் தண்ணீர்த் தட்டில் நிற்குமாறு வையுங்கள். பூச்சி மருந்தைத் தூவாதீர்கள். எறும்போடு புழுவும் போய்விடும்.

இரண்டு மாதத்தில் மேற்பரப்பு தேயிலைத் தூள் போலக் கருத்து உதிரும். அப்போது மூன்று நான்கு நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் புழுக்கள் கீழே இறங்கிவிடும். மேலுள்ளதை மட்டும் மெதுவாக வழித்தெடுத்து நிழலில் உலர்த்தி, சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்கும் சிறு மணி போன்ற முட்டைக்கூடுகளை மறவாமல் தொட்டிக்கே திருப்பிப் போடுங்கள்.